சமபங்குக் கூட்டாளி தேவை

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. எந்த வேலையையும் அது தனியாகத் தொடங்காது. "எல்லாம் ரெடி, சரியான ஆள் ஒருத்தர்தான் கிடைக்கல" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே தெம்பாக உலவும். கூட்டாளி தேடி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். கடை திறக்கக் கூட்டாளி தேடுவது, படம் எடுக்கத் தேடுவது, உடம்பு இளைக்கக் காலையில் கூட நடப்பதற்கு ஆள் தேடிக் காத்திருந்தே இன்னும் கொஞ்சம் பருப்பது என்று இதில் உட்பிரிவுகள் ஏராளம். நாம் இங்கே பார்க்கப்போவது அவற்றில் சற்று அரிதான பிரிவு. வாரா வாரம் நாட்டு நடப்பைக் கிண்டலாக எழுதி, இரண்டு குரலில் பேசிப் பதிவு செய்து, ஊரார் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பாட்காஸ்டாக வெளியிட ஆள் தேடும் பிரிவு.

அரிது என்றா சொன்னோம்? தவறு. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். விசாரித்துப் பாருங்கள்.

இந்தத் தெருவில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைப் பரிசோதித்துவிட்டு, "பவர் ஏறியிருக்கு" என்று எல்லோரிடமும் ஒரே சோகத்தோடு சொல்லிச் சொல்லி அவருக்கே பவர் என்று பெயர் நிலைத்துவிட்டது. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை பார்க்கிற அவர் மனைவிகூட, நேரில் "என்னங்க" என்பாரே தவிர, அலுவலகத்துத் தோழிகளிடம் "எங்க பவர்" என்றுதான் சொல்வார்.

பவரின் கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. கறுப்புத் திரை, சுழல் நாற்காலி, எதிர்ச் சுவரில் விளக்கு எரியும் எழுத்துப் பலகை, முகத்தை வைத்துப் பார்க்கும் கருவி. "தாடையை இங்க வைங்க. நெத்தியை ஒட்டி வைங்க. அசையக் கூடாது" என்று சொல்லி, ஆள் தப்பிக்க வழியில்லை என்று உறுதியான பிறகுதான் பவர் தன் ஜோக்கைச் சொல்வார். தாடை மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான்? "ம்" என்பான். "பாருங்க, சிரிப்பை அடக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அசையக் கூடாதுன்னு நாமதானே சொன்னோம்" என்று பவர் மனத்துக்குள் சமாதானம் செய்துகொள்வார். இப்படி ஊரில் கண் மங்கிய அத்தனை பேரும் சிரிப்பை அடக்கியிருந்ததால், தான் பெரிய நகைச்சுவையாளர் என்ற முடிவுக்கு அவர் வந்ததில் என்ன ஆச்சரியம்?

ஏற்பாடுகளில் குறையே இல்லை. மைக் வாங்கியாகிவிட்டது. காதுக்கு மாட்டுவது தனக்கொன்று, வரப்போகிறவருக்கொன்று. நிகழ்ச்சிக்கு இசை தயார். "வணக்கம், நான் பவர். என்னோட இணைஞ்சிருக்கிறவர்..." என்று பேசிப் பதிவு செய்து, பெயருக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டுவைத்திருந்தார். நிகழ்ச்சிப் படத்தில் பவரின் முகம் முழுநிலவு மாதிரி; பக்கத்தில் ஒரு குட்டி வட்டம், அதற்குள் கேள்விக்குறி. "சமபங்குக் கூட்டாளி தேவை" என்று கடைக் கண்ணாடியில் அட்டையும் தொங்கியது. சமபங்கு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

எழுத்தும் தயார்தான். ஊரில் கட்டிய புது மேம்பாலத்தைப் பற்றிய கிண்டல். ஆனால் கூட்டாளி தேடி முடிவதற்குள் பாலத்தைத் திறந்தார்கள், விரிசல் விட்டது, மூடினார்கள், பூசினார்கள், வேறொரு அமைச்சர் வந்து மறுபடி திறந்தார். ஒவ்வொரு முறையும் பவர் எல்லா வரியையும் மாற்றி எழுதினார், ஒரே ஒரு ஜோக்கைத் தவிர. பாலமே ஆடினாலும் அந்த ஜோக் ஆடாது. அது இதுதான்:

"பாலத்துக்கும் பலத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கால்தான்! நம்ம ஊர்ப் பாலத்துல கால் இருக்கு, பலம் இல்ல!"

புரிந்ததா? 'பலம்' என்று எழுதி, ப-வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டால் 'பாலம்'. பாலத்துக்குக் கீழே நிற்பதும் கால். பவர் இதைச் சொல்லும்போது காற்றில் விரலால் அந்தக் காலைப் போட்டுக் காட்டுவார். போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் கண்ணில் தெரியும் ஆசையைப் பார்த்தால் கல்லுக்கும் சிரிக்கத் தோன்றும். ஆனால் சிரிப்பு வராது.

முதலில் வந்தவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். தங்கமான மனிதர். எதற்கும் சிரிப்பார். இருமலுக்கு மருந்து கேட்டாலும் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். பவர் "பாலத்துக்கும்" என்று ஆரம்பித்ததும் மேசையைத் தட்டிக்கொண்டு குலுங்கினார்.

"இன்னும் ஜோக் வரலைங்க."

"வரப்போகுதே, அதை நினைச்சேன்!"

"பலத்துக்கும் என்ன வித்தியாசம்..."

"ஐயோ, போதும், வயிறு வலிக்குது!"

ஜோக்கின் முக்கிய வரியை மருந்துக்கடைக்காரர் கேட்கவேயில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டுப் பவர் மனைவியிடம் சொன்னார்: "சிரிக்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா?"

அடுத்து வந்தவர் கணக்கு வாத்தியார். பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போட்டுப் பழக்கப்பட்டவர். அவர் செய்த குற்றம் பெரியது. சொந்தமாக ஜோக் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அது போதாதென்று அவை நன்றாகவும் இருந்தன. "அந்தப் பாலத்தை ரெண்டு தடவை திறந்தாங்க, ஒரு தடவைதான் மூடினாங்க. கணக்குப்படி பார்த்தா இன்னொரு தடவை மூடணும்" என்று வாத்தியார் படித்ததும், கடையை ஒட்டிய வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த பவரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார்.

பவர் சிரிக்கவில்லை. "நல்லா இருக்கு. ஆனா நம்ம நிகழ்ச்சியோட தொனிக்கு ஒத்துவராது" என்றார். இன்னும் தொடங்காத நிகழ்ச்சிக்குத் தொனி எங்கே இருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இந்த ரகத்திடம் நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் தொனி இருக்கும்.

வாத்தியார் போன பிறகு மனைவி கேட்டார்: "நல்லாத்தானே எழுதியிருந்தார்? அவரையே சேர்த்துக்கலாமே?"

"எனக்கு வேணுங்கிறது கூட்டாளி. போட்டியாளர் இல்ல."

"அப்ப உங்களுக்கு வேணுங்கிறது தாடையை மாட்டிக்க ஒரு ஆள்."

பவர் ஒரு வாரம் அந்த அம்மாளிடம் உப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் ஒரு பெண்மணி கண் பரிசோதிக்க வந்தார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது வரவே வராது என்பதையெல்லாம் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே குரலில் நாள் முழுக்கச் சொல்லி, கடைசியில் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று துளி வருத்தமில்லாமல் முடிப்பது அவர் தொழில். ஊரே அவரை அறிவிப்பம்மா என்று அழைத்தது. முகத்தை யாரும் கவனித்ததில்லை. குரல் எல்லோருக்கும் தெரியும்.

பவர் எழுத்துப் பலகையைக் காட்டி, படிக்கச் சொன்னார். அறிவிப்பம்மா பழக்கதோஷத்தில் படித்தார்:

"முதல் வரிசையில் க, ட, ப. இரண்டாம் வரிசையில் ம, ர, ல. மூன்றாம் வரிசை... மூன்றாம் வரிசை பற்றிய தகவல் கிடைத்தவுடன் தெரிவிக்கப்படும்."

பவர் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்து உருண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. அவர் அதைத் தேடவேயில்லை.

"மேடம், நீங்க நகைச்சுவை நிகழ்ச்சி ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

"இல்லைங்க. பஸ் லேட்டுன்னு சொல்வேன். ஜனங்க சிரிக்க மாட்டாங்க, திட்டுவாங்க."

"என்னோட சேர்ந்து பண்றீங்களா? சமபங்கு!"

அறிவிப்பம்மாவுக்கும் பொழுது போகவேண்டியிருந்தது. வீட்டில் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். கணவர் தூக்கத்திலும் செய்திச் சேனல் பார்க்கிறவர். "மதியம் சாப்பாட்டு நேரத்துல வரேன்" என்றார்.

முதல் இரண்டு சந்திப்புகளும் தேனிலவு மாதிரி போயின. பவர் இன்னும் எழுத்தைக் காட்டவில்லை என்பதே காரணம். மூன்றாவது சந்திப்பில் பவர் காகிதத்தைக் கொடுத்தார். அறிவிப்பம்மா புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படித்தார். பேனாவை எடுத்தார். ஒரு வரியை அடித்தார். எந்த வரி என்று சொல்லவும் வேண்டுமா?

"மேடம், அது... அதுதான் உயிர்நாடி."

"இது காதுல கேக்குற நிகழ்ச்சிதானே?"

"ஆமா."

"கேக்குறவங்களுக்கு எழுத்து எப்படித் தெரியும்? நீங்க விரலால போட்டுக் காட்டுற கால் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

பவர் தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். ஊர் முழுக்கக் கண் பார்த்துத் தந்த மனிதருக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று? அவர் அந்த ஜோக்கை எழுதியவர் அல்லவா? பெற்றவனுக்குப் பிள்ளையின் மூக்கு எப்போதாவது கோணலாகத் தெரியுமா?

"நீங்க சொல்றது சரிதான் மேடம். எடுத்துடலாம்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த ரகத்தைச் சேர்ந்தவர்கள் விட்டுக்கொடுக்கும்போது மிக அழகாகச் சிரிப்பார்கள். விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று அதற்கு அர்த்தம்.

கடையைச் சாத்திவிட்டு இருட்டறையில் பதிவு. பாதி வரைக்கும் பிரமாதமாகப் போயிற்று. அறிவிப்பம்மா விலைவாசி உயர்வைப் பேருந்து வந்து நிற்கிற மாதிரி அறிவித்ததும் பவருக்கே சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. பாலம் வந்தது. பவரின் தொண்டையில் ஏதோ அரித்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஒரு மனம் சொல்ல, விரல் மட்டும் தானாக மேலே எழும்பியது.

"பாலத்துக்கும் பலத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கால்தான்!" என்று ஆரம்பித்து, கடைசி வரை சொல்லியே விட்டார்.

அமைதி. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் அறிவிப்பம்மா.

அந்த ஒரு சொல்லோடு விட்டிருந்தால் நம் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். பவர் விடவில்லை. அன்று மாலையே பதிவைத் திருத்த உட்கார்ந்தார். "முடிஞ்சுதா?" வை வெட்டினார். அந்த அமைதியை வெட்டினார். அந்த இடத்தில் எங்கிருந்தோ எடுத்த கூட்டச் சிரிப்பு ஒன்றை ஒட்டினார். ஒட்டிய பிறகு, அத்தனை பேர் சிரிக்கும்போது பக்கத்தில் அறிவிப்பம்மா மட்டும் பேசிக்கொண்டிருப்பது இடைஞ்சலாகத் தோன்றவே, அவர் வரிகளை அங்கங்கே கொஞ்சம் சுருக்கினார். சுருக்கச் சுருக்க நன்றாக வருவதுபோல் இருந்தது. முடிவில் சமபங்குக் கூட்டாளிக்கு மிச்சமானது ஒரு "வணக்கம்", ஒரு "ஆமாம்", ஒரு "நன்றி".

வெளியிட்டார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். கருத்து எழுதியவர் ஒரே ஒருவர்: "நடுவில் திடீரென்று கூட்டம் சிரிக்கிறதே, யாராவது வழுக்கி விழுந்துவிட்டார்களா?" மருந்துக்கடைக்காரர் மட்டும் இறங்கி வந்து, தான் இன்னும் கேட்கவில்லை என்றும் ஆனால் சிரித்துச் சிரித்து முடியவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அறிவிப்பம்மா வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அடுத்த சந்திப்பு நாளில் மதியம் முழுக்கத் திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் பவர். எதிரில் இருக்கும் நாற்காலி காலியாக இருந்தது. வருஷக்கணக்கில் காலியாக இருந்த நாற்காலிதான். இப்போதுதான் அது அவரை என்னவோ செய்தது.

"அவங்க பேசினதையெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார் மனைவி, நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு.

"சுருக்கினேன்."

"நான் தினமும் புகார் வாங்குறவ. இது என்ன புகார்னு எனக்குத் தெரியும். குழாய் இருக்கு, தண்ணி வரல. போய் மன்னிப்புக் கேளுங்க."

பவர் போனார். பேருந்து நிலையத்தில் நெருக்கடியான மதிய நேரம். மூட்டையோடும் பிள்ளைகளோடும் ஜனங்கள் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடி வைத்த சின்ன அறிவிப்பு அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கழுத்து நீண்ட மைக், அதன் அடியில் ஒரு பொத்தான். பவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நின்று பேசத் தைரியமில்லாமல் மேசைமேல் முழங்கையை ஊன்றிக் குனிந்தார். முழங்கை சரியாகப் பொத்தான்மேல்.

"மேடம், தப்புதான். மன்னிச்சுடுங்க" என்றார்.

"மன்னிச்சுடுங்க" என்று நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளும் சொல்லின. பெஞ்சில் இருந்த தலைகள் நிமிர்ந்தன.

மைக் திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதை அறிவிப்பம்மா பார்த்தார். அதை நோக்கி விரலை நீட்டினார். தன்னைப் பேசாதே என்கிறார் என்று நினைத்து, பவர் இன்னும் வேகமாகப் பேசினார்.

"இல்ல மேடம், சொல்லிடுறேன். உங்க குரலை எடுத்தது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு மட்டும் நியாயமா யோசிங்க. ஜோக் நல்ல ஜோக் மேடம்! பாலத்துக்கும் பலத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கால்தான். நம்ம ஊர்ப் பாலத்துல கால் இருக்கு, பலம் இல்ல. இதுல என்ன மேடம் புரியல?"

ஓர் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணாடியின் சின்ன ஓட்டை வழியாக, தலையில் துண்டு கட்டிய ஒருவர் குனிந்து கேட்டார்: "எந்தக் கால்ங்க?"

அப்போதுதான் பவருக்கு விளங்கியது. முழங்கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தாடை மாட்டாத முகங்கள், ஒன்றல்ல இரண்டல்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. அடக்குவதற்கு அங்கே சிரிப்பே இல்லை.

அறிவிப்பம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தொழில் குரலில், ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் சொன்னார்:

"பயணிகள் கவனத்திற்கு. சற்று முன் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நகைச்சுவை, வழியில் பழுதாகி நிற்கிறது. மாற்று நகைச்சுவை விரைவில் அனுப்பி வைக்கப்படும். அதுவரை பயணிகள் யாரும் சிரிக்க முயல வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

முதலில் துண்டு கட்டியவர். பிறகு அவர் பக்கத்து பெஞ்சு. பிறகு நிலையம் மொத்தமும். ஒரு பெண் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பை சரிந்து வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது. அதைப் பொறுக்க ஓடியவர்களும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்க்க, ஹாரன் தன் பங்குக்கு அலறியது.

பவர் அப்படி ஒரு சத்தத்தை வாழ்க்கையில் கேட்டதில்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சிரிப்பு இப்படி இருக்காது. இதில் மூச்சு இருந்தது, தும்மல் இருந்தது, ஒரு குழந்தையின் கீச்சுக்குரல் இருந்தது. தன் தோல்வியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அதே சமயம் ஓடிப்போகவும் மனம் வரவில்லை. அவர் வாய் அவரைக் கேட்காமலே சொன்னது:

"அந்தப் பாலத்து வழியா வர்ற வண்டியா? அப்ப மாற்று வண்டியும் வராதுங்க."

எழுதிவைக்காத வரி. விரலால் எதையும் போட்டுக் காட்டாத வரி. நிலையம் மறுபடி வெடித்தது. அறிவிப்பம்மா திரும்பி அவரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகத்தில், பவர் அறிந்தவரை முதன்முறையாக, ஒரு சிரிப்பு வந்து நின்றது. தாமதமில்லாமல்.

நிலைய மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அறிவிப்பம்மாவின் பக்கம் திரும்பி அவர் வாயைத் திறப்பதற்குள் பவர் குறுக்கே போய் நின்றார். "சார், அவங்க மேல தப்பே இல்ல. எல்லாம் என் முழங்கை. என்னைத் திட்டுங்க." மேலாளர் திட்டினார். நிறைவாகவே திட்டினார். ஆனால் பவர் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் வேறொருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டது அன்றுதான்.

வெளியே வந்ததும் அறிவிப்பம்மா சொன்னார்: "நாளைக்கு வரேன். பதிவை யார் திருத்துறது?"

"நீங்களே திருத்துங்க."

"அந்த ஜோக்?"

பவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "எடுத்துடுங்க" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. அதனால் நம்பலாம்.

நிகழ்ச்சி இப்போது வாரா வாரம் ஒழுங்காக வருகிறது. பவர் ஒரு பழுதான ஜோக்கைக் கொண்டு வருவார். அறிவிப்பம்மா அதற்கு வருத்தம் தெரிவிப்பார். ஊரார் அந்த வருத்தத்துக்காகவே கேட்கிறார்கள். கணக்கு வாத்தியாரும் அவ்வப்போது எழுதித் தருகிறார். பவர் திருந்திவிட்டாரா என்றால், அப்படியெல்லாம் பெரிய வார்த்தை சொல்லாதீர்கள். "அந்தம்மா எழுத்துப் பலகையைப் படிச்ச அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று கண்ணாடி போட வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். தெருவில் நாடகம் ஒன்று போடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறதாம். எல்லாம் ரெடியாம். சரியான ஆள் ஒருத்தர்தான் கிடைக்கவில்லையாம்.

அவர் கிடக்கட்டும். உங்களிடம் வருவோம். நண்பர் ஒருவர் தான் எழுதியதை ஆசையாகப் படித்துக் காட்டும்போது, "பிரமாதம், பிரமாதம்" என்று தலையாட்டிக்கொண்டே, நம் முறை எப்போது வரும் என்று நீங்கள் காத்திருந்தது கிடையாதா? உங்கள் வரியில் ஒருவர் கை வைத்தபோது மிக அழகாகச் சிரித்தது கிடையாதா? கிடையவே கிடையாது என்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் கண்ணெதிரே வந்திருக்கும்; அப்படியே அச்சடித்ததுபோல் இருக்கிறதே, உடனே அவருக்கு அனுப்பவேண்டும் என்று கை பரபரக்கும். தாராளமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் போனை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர் உங்களுக்கு முந்தியே அனுப்பியிருக்கலாம்.